தொரசாணி வழுக்கிய தரை

எங்கள் வட்டாரக் கட்டுமானப் பொறியாளர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம் ஆண்டு மலர் போடுகிறது. பண்ணைகளில் கான்கிரீட் தரையை மட்டம் செய்யவும் மெருகேற்றவும் எந்தக் கருவியை வாங்கலாம் என்று அதற்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். மேலே ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற தேய்ப்பு இயந்திரம் ஒன்று வத்தலக்குண்டு வரை வந்துவிட்டதாம். அதை மலைக்கும் ஏற்றிவிட வேண்டும் என்று இளைஞர்கள் துடிக்கிறார்களாம். "முப்பத்துநாலு வருஷம் தரை போட்டவர் நீங்க. நாலு வார்த்தை எழுதிக் குடுங்க சார்" என்றார்.

நாலு வார்த்தைக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் என்னிடம் இருக்கிறது. தரையின் மேல் நடக்கப்போவது யார் என்று பார்த்துவிட்டுக் கருவியை எடுங்கள். அவ்வளவுதான். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு முப்பத்துமூன்று வருடங்களும் ஒரு நிறைசினைப் பசுவும் தேவைப்பட்டன. கற்றுக்கொண்ட அதே நிமிடத்தில் இன்னொரு மனிதர் தலையில் பழியைப் போட்டேன். அதையும் சேர்த்து எழுதுவதாக இருந்தால்தான் எழுதுவேன் என்று செயலாளரிடம் சொன்னேன். அவர் பக்கம் நிரம்பினால் போதும் என்ற நிலையில் இருந்தார்.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நன்றாகப் படித்தேன். பதக்கம் வாங்கினேன். அது இப்போது பீரோவில் பாச்சை உருண்டைகளுக்கு நடுவே இருக்கிறது. வேலை எல்லாம் சமவெளியில். நெல் குடோன், வாழைக்காய் மண்டி, பருத்தி வைக்கிற கொட்டகை. இவற்றின் தரைக்கு ஒரே இலட்சணம்தான்: மட்டம். மூட்டைகள் நடப்பதில்லை. வழுக்குவதில்லை. சிறுநீர் கழிப்பதில்லை. முப்பது வருடத்துக்கு மேல் மூட்டைகளுக்காகவே தரை போட்டுப் பழகிய ஒருவனை மாடுகளிடம் அனுப்பியது நிறுவனத்தின் தவறு என்று கொஞ்ச காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் தலைமைப் பொறியாளரை எல்லோரும் சீஃப் என்போம். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, பளபளக்கும் கறுப்பு ஷூ. அதிர்ந்து பேசமாட்டார். அவர் தரையைச் சோதிக்கும் முறை ஒன்று உண்டு. வேறு எந்த நிறுவனத்திலும் நான் அதைக் கண்டதில்லை. சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுப்பார். அதற்குள் கண்ணாடி இருக்காது. பச்சை நிறக் கோலிக்குண்டு ஒன்று இருக்கும். அதைக் கைக்குட்டையால் துடைப்பார். குந்தி உட்கார்ந்து, பிரசாதம் வைப்பதுபோலத் தரையில் வைத்து விரலை எடுப்பார். மனதுக்குள் பத்து வரை எண்ணுவார். உதடு அசைவதை வைத்து நாங்களும் கூடவே எண்ணுவோம்.

கோலி அசையாமல் நின்றால் "ம்" என்பார். அந்த ஒரு "ம்" கிடைத்தால் அடுத்த மாதச் சம்பளம் வரை நிம்மதி. கோலி உருண்டால் எதுவும் சொல்லமாட்டார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு அதன் பின்னாலேயே நடப்பார். நாங்களும் அவர் பின்னால் நடப்போம். அது எங்கே போய் நிற்கிறதோ அங்கே நின்று முதலில் கோலியைப் பார்ப்பார், பிறகு எங்களைப் பார்ப்பார். ஒருமுறை ஒரு குடோனில் கோலி உருண்டு அடுக்கின் அடியில் போய்விட்டது. அதை எடுக்க இருநூறு மூட்டையை இறக்கினோம். யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தவர்கள் வெளியே போய் லாரிக்குப் பின்னால் நின்று சிரித்துவிட்டு வந்தார்கள்.

ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கும்போது கொடைக்கானல் மலையில் உள்ள பள்ளங்கியில் ஒரு மாட்டுக்கொட்டகை வேலை வந்தது. பண்ணைக்காரர் ராசம்மா. அவர் அப்பா காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். கேரட்டும் பூண்டும் போட்டு, அதோடு ஆறு கலப்பின மாடுகளும் வைத்திருந்தார். பால் கொடைக்கானல் ஓட்டல்களுக்குப் போகும். ஆறில் மூத்தது தொரசாணி. தலையைத் தூக்கிக்கொண்டு, யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் நடப்பதால் அந்தப் பெயர். "எங்க தோட்டத்து தொரையோட சம்சாரம் இப்பிடித்தான் நடக்கும்னு அப்பா சொல்லுவாருங்க" என்றார் ராசம்மா.

வேலைக்கு மேஸ்திரி தங்கையா. அதே பள்ளங்கிக்காரர். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். எங்கள் நிறுவனத்தின் மலை வேலைகளுக்கெல்லாம் அவர்தான். அந்த வேலை முடிந்ததும் அவரை நிரந்தரமாக எடுத்துக்கொள்வதாகப் பேச்சு இருந்தது. அதற்கு என் சிபாரிசு ஒன்றுதான் பாக்கி. இதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

இனி கருவிக்கு வருகிறேன். எதை வாங்குவது என்று முடிவு செய்ய ஓர் ஒப்பீட்டு அட்டவணை தயாரித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அழகான அட்டவணையை நான் போட்டதில்லை. பதினொரு கட்டங்கள். குதிரைசக்தி, தகட்டின் விட்டம், எரிபொருள், எடை, உதிரிபாகம், உத்தரவாதம் என்று போய், நிறம் என்பதில் முடியும். மாடு என்று ஒரு கட்டம் இல்லை. முதல் வரிசையில் அதிர்வுச் சட்டம். ஊற்றிய கான்கிரீட்டின் மேல் இழுத்துக்கொண்டே போனால் அது அதிர்ந்து மட்டமாக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் பவர் ட்ரோவல், இரண்டு விலையில். சீலிங் ஃபேனைத் தலைகீழாகத் தரையில் போட்டு, மேலே ஒரு இன்ஜினையும் பக்கத்தில் நீளமான கைப்பிடியையும் வைத்தால் எப்படி இருக்குமோ அதுதான் பவர் ட்ரோவல். இரும்புத் தகடுகள் சுற்றிச் சுற்றித் தேய்த்துத் தரையைக் கண்ணாடியாக்கும். நான்காவது வரிசையில், நியாயம் தவறக்கூடாது என்பதற்காக, தங்கையாவின் சாமான்களையும் போட்டேன். பத்தடி மட்டப்பலகை, டியூப் லெவல், மரத்தேய்ப்புக் கட்டை, விளக்குமாறு. குதிரைசக்தி: இல்லை. உத்தரவாதம்: இல்லை. நிறம்: அழுக்கு.

மூன்றாவது வரிசை வென்றது. அதன் விளம்பரத் தாளில் டை கட்டிய ஒருவர் ஒற்றைக் கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். நானும் அப்படிச் சிரிக்க வேண்டும் என்று தோன்றியதைத் தவிர வேறு காரணம் இப்போது எனக்குத் தெரியவில்லை.

தார்ச்சாலையிலிருந்து ராசம்மாவின் பண்ணைக்குச் சரிவில் ஒற்றையடிப் பாதைதான். மற்ற சாமானெல்லாம் பொதிக்குதிரையில் போயின. இயந்திரத்தைப் பார்த்ததும் குதிரை இரண்டடி பின்வாங்கி நின்றுவிட்டது. அங்கே இருந்தவர்களில் அதற்குத்தான் முதலில் விஷயம் புரிந்திருக்கிறது. கடைசியில் மூங்கிலில் கட்டி நான்கு பேர் தோளில் தூக்கினார்கள். முன்னால் போனவர் "வேல் வேல்" என்றார், பின்னால் வந்தவர்கள் "அரோகரா" என்றார்கள். பழனிக்குக் காவடி போவதுபோல இயந்திரம் பள்ளங்கிக்குள் நுழைந்தது. நான் கைக்குட்டையால் அதன் மேல் படிந்த தூசியைத் தட்டிக்கொண்டே கூட நடந்தேன்.

தங்கையா அதைச் சுற்றி வந்து பார்த்தார். "இது என்ன சார், மாட்டுக்குக் காத்தாடியா?"

"தரை தேய்க்கிற மிஷின், மேஸ்திரி. நீங்க நாலு நாள் தேய்க்கிறதை இது நாலு மணி நேரத்துல தேய்ச்சுடும்."

"மாட்டுக்கொட்டகைய யாரு சார் தேய்க்கச் சொன்னது? ரெண்டு இழுப்பு வெளக்கமாத்துல இழுத்து விட்டா சோலி முடிஞ்சது. கொளம்பு புடிமானமா நிக்கும்."

அதற்குள் நான் வேறு ஒன்றைப் பார்த்துவிட்டேன். தரைக்கு அவர் வைத்திருந்த மட்டப்புள்ளிகள் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தன.

"இதென்ன, சாய்வா இருக்கு?"

"வாட்டம் சார். பத்தடிக்கு ரெண்டு இஞ்சு விட்டுருக்கேன். மூத்திரம், கழுவுற தண்ணி எல்லாம் தானா வாய்க்காலுக்கு ஓடிரும்."

"வாட்டம் விட்டா கோலியும் ஓடும், மேஸ்திரி."

"ஓடட்டுமே சார். கோலியவா கட்டிப்போடப் போறோம்?"

நியாயமான கேள்வி. ஆனால் தரையைப் பார்க்க வரப்போவது மாடு அல்ல, சீஃப் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். புள்ளிகளைச் சமமாக உயர்த்தச் சொன்னேன். தங்கையா ஒருமுறை வாய் திறந்தார், மூடினார், உயர்த்தினார்.

மார்கழி மாதம். வெள்ளனே ஏழு மணிக்குக் கான்கிரீட் போடத் தொடங்கி ஒன்பதுக்கு முடித்தோம். கீழே வத்தலக்குண்டு வெயிலில் மூன்று மணி நேரம் போனால் இயந்திரத்தை இறக்கலாம். என் குறிப்பேட்டில் அப்படித்தான் எழுதியிருந்தேன். பன்னிரண்டு மணிக்குக் கையுறையை மாட்டினேன்.

"சார், இது மலை" என்றார் தங்கையா. "சிமெண்டு இன்னும் கம்பளியப் போத்திக்கிட்டுப் படுத்துக் கெடக்கு. அவசரப்பட்டு எழுப்பாதீங்க. நின்னு பாருங்க, கால் எவ்வளவு பதியுதுன்னு."

கால் பதிவுச் சோதனை எனக்கும் தெரியும். ஏறி நின்றால் பாதம் கால் இஞ்சுக்கு மேல் பதியக்கூடாது. நான் ஏறி நிற்கவில்லை. நின்றிருந்தால் கணுக்கால் வரை போயிருப்பேன், அட்டவணை பொய்யாகியிருக்கும்.

இன்ஜினை ஓடவிட்டோம். கைப்பிடியில் ஒரு நெம்பு உண்டு. அதை அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் தகடுகள் சுற்றும். கையை விட்டால் நின்றுவிடும். பாதுகாப்புக்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். கொடைக்கானல் குளிரில் பத்து நிமிடம் அதை அழுத்திப் பிடித்ததும் என் விரல்கள் மரத்துப்போயின. சித்தாளிடம் ஒரு முழம் கயிறு வாங்கி நெம்பைக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டினேன். இளம் பொறியாளர்களே, ஓய்வுக்கு ஒரு வருடமே இருந்த நான், பதக்கம் பெற்றவன், அந்த நெம்பைக் கயிற்றால் கட்டினேன்.

அந்த நேரம் பார்த்து ராசம்மா தேநீர் கொண்டு வந்தார். "தொர, சாயத்தண்ணி குடிச்சிட்டு ஆட்டுங்க."

நான் தம்ளரை வாங்கக் கையை விட்டேன்.

தகடுகள் ஈரக் கான்கிரீட்டில் புதைந்து மாட்டிக்கொண்டன. இன்ஜின் நிற்கவில்லை. எதுவாவது சுற்றித்தானே ஆக வேண்டும்? கைப்பிடி சுற்றியது. முதல் சுற்றில் என் தொப்பியை எடுத்தது. இரண்டாவது சுற்றில் தம்ளரை எடுத்தது. மூன்றாவது சுற்றுக்கு நான் அங்கே இல்லை, குப்புறப் படுத்திருந்தேன். பிறகு அது புதைந்த இடத்திலிருந்து தானாக விடுபட்டு, சாமியாடிபோல ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து தரை முழுதும் சுற்றி வந்தது. தரையோரப் பலகையைத் தாண்டி, காயப்போட்டிருந்த பூண்டுக் குவியலுக்குள் இறங்கியது. பூண்டு நாலாபுறமும் பறந்தது. ராசம்மா கும்பிடுவதா ஓடுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார். தங்கையாதான் ஓர் ஈரச் சாக்கைச் சுருட்டித் தகடுகளுக்குள் எறிந்தார். சாக்கு சுற்றிக்கொண்டு இன்ஜின் மூச்சுத் திணறி அடங்கியது.

"பூண்டு உரிக்கிறதுக்கு நல்ல மிஷின் சார்" என்றார்.

தரையில் கிடந்த பள்ளங்களை அவர் மட்டப்பலகையால் இழுத்துச் சரிசெய்தார். நான் குறுக்கே வரக்கூடாது என்று ஒரு கல்லின் மேல் உட்கார வைத்துவிட்டார். மூன்று மணிக்கு, பஞ்சுபோல மேகம் கொட்டகைக்குள் வந்து போய்க்கொண்டிருந்தபோது, அவரே ஏறி நின்று பார்த்து, "இப்ப எந்திரிச்சிருச்சு" என்றார். அப்போது இயந்திரம் சொன்னபடி கேட்டது. நான் நன்றாகவே தேய்த்தேன். அளவுக்கு மேலேயே தேய்த்தேன். முகம் தெரிகிற வரை தேய்த்தேன். முகம் தெரிந்தபோது ஒற்றைக் கையால் பிடித்துச் சிரித்தும் பார்த்தேன்.

தங்கையா ஓரமாக விளக்குமாற்றோடு நின்றார். "இப்பவும் ஈரம் இருக்கு சார். ஒரே ஒரு இழுப்பு. மாடு பாவம்."

"விளக்கமாத்தைக் கீழ போடுங்க, மேஸ்திரி" என்று கத்தினேன். ராசம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று வாரம் தண்ணீர் கட்டி வைத்த பிறகு நல்ல நாள் பார்த்தார்கள். புது வீடு என்றால் முதலில் பசுவை உள்ளே நடத்துவது வழக்கம். மாட்டுக்கொட்டகைக்கு மட்டும் அது வேண்டாம் என்று யாரால் சொல்ல முடியும்? மாவிலைத் தோரணம், ஐயர், பாயசம் எல்லாம் இருந்தன. தொரசாணிக்குக் கழுத்தில் செவ்வந்தி மாலை, நெற்றியில் குங்குமம். கன்று போட இரண்டு வாரம்தான் இருந்தது. வயிறு இரண்டு பக்கமும் பிதுங்கியிருந்தது. சீஃப் கீழேயிருந்து வந்திருந்தார். நிறுவனத்துக்கு அனுப்புவதற்காக நான் கைப்பேசியில் எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் கோலி. சீஃப் குந்தினார், துடைத்தார், வைத்தார். பத்து எண்ணினோம். கோலி தவம் செய்வதுபோல நின்றது. "ம்" என்றார். பிறகு, முப்பத்துமூன்று வருடத்தில் முதல் முறையாக, இன்னொரு "ம்" சொன்னார். என் கண் கலங்கியது.

பிறகு பசு.

தொரசாணி தலையைத் தூக்கிக்கொண்டு தன் வழக்கப்படி கீழே பார்க்காமல் முன்னங்கால்களை உள்ளே வைத்தாள். இரண்டும் இரண்டு திசையில் போயின. நிதானிக்கப் பின்னங்கால்களையும் உள்ளே வைத்தாள். இப்போது நான்கும் நான்கு திசையில் போயின. கண்ணாடி மேல் விட்ட வெண்ணெய்போல, மாலையும் குங்குமமுமாக, கொட்டகையின் நடுமையம் வரை சத்தமில்லாமல் வழுக்கி வந்து உட்கார்ந்தாள். அவளைப் பிடிக்கப் போன ஐயரும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவரைப் பிடிக்கப் போன ராசம்மாவின் அண்ணன் இருவரையும் தாண்டிப் போய்த் தீவனத் தொட்டியில் நின்றார். பயத்தில் தொரசாணி சிறுநீர் கழித்தாள். அது எந்தப் பக்கமும் ஓடவில்லை. நான்கு பக்கமும் சமமாக, வட்டமாகப் பரவியது. கோலியைச் சுற்றியது, சீஃபின் ஷூவைச் சுற்றியது. என் மட்டத்துக்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

இதுவரை எழுதும்போது சிரித்துக்கொண்டுதான் எழுதினேன். ஆனால் அங்கே ராசம்மா சிரிக்கவில்லை. "எந்திரிக்க ஏலாதுங்க அவளால. தொட கிழிஞ்சா தாயும் போயிரும் புள்ளயும் போயிரும்" என்று அலறினார். தொரசாணி எழ முயல முயலப் பின்னங்கால்கள் விரிந்துகொண்டே போயின.

தங்கையா ஓடினார். பூண்டுச் சாக்குகளை அள்ளி வந்து வாசலிலிருந்து ஒவ்வொன்றாக விரித்தார், பசு வரை. அதன் காலடியிலும் சொருகினார். பின்னங்கால் இரண்டையும் கயிற்றால் அகலவிடாமல் சேர்த்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "வாத்தா, வா, மெதுவா வா" என்று அதன் காதில் பேசினார். நாலாவது முயற்சியில் தொரசாணி எழுந்தாள். சாக்கு விரிப்பின் மேல் அடியடியாக நடந்து வெளியே போனாள். வெளியே போனதும் தலையைத் தூக்கிக்கொண்டாள்.

சீஃப் நனைந்த ஷூவோடு நின்றபடி கேட்டார். சத்தமில்லாமல்தான் கேட்டார். "யார் போட்ட தரை இது?"

நான் சொன்னேன்: "மேஸ்திரிதான் சார்."

யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் அறிக்கை எழுதியபோது யோசித்துத்தான் எழுதினேன். மேற்பார்வையாளரான நான் சொன்னதை மீறி மேஸ்திரி அளவுக்கு மேல் தேய்த்துவிட்டார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வீடியோவையும் அனுப்பினேன். இனி எவரும் இப்படிச் செய்யக்கூடாது என்று சீஃப் அதை எல்லோருக்கும் அனுப்பினார். அது கைமாறிக் கைமாறி மலை முழுதும் போனது. நிரந்தர வேலைப் பேச்சு அதோடு நின்றது. மலை வேலைகளுக்குத் தங்கையாவை அதன்பின் கூப்பிடவே இல்லை.

அன்று நான் கிளம்பும்போது ராசம்மா வழிமறித்தார். "என்னாங்க தொர, மெசினப் புடிச்சி ஆடுனது நீங்கதானே? மேஸ்திரி இல்லியே?" நான் கைப்பேசியைக் காதில் வைத்து "ஹலோ, ஹலோ" என்றபடி நடந்தேன். பள்ளங்கியில் அப்போது சிக்னலே கிடையாது. அவருக்கும் அது தெரியும். தொரசாணி அடுத்த வீட்டுக் கொட்டகையில் காளைக்கன்று போட்டதாகக் கேள்விப்பட்டேன். எழுந்து நிற்கப் பார்த்து நாலு தடவை விழுந்ததால் அதற்கு இன்ஜினியர் என்று ராசம்மா பெயர் வைத்தாராம்.

ஓய்வு பெற்றேன். பிரிவுபசார விழாவில் சீஃப் ஒரு சால்வையும் ஒரு "ம்"மும் தந்தார். பத்து வருடம் போனது. நினைவு வரும்போதெல்லாம், மலைக்காரர்கள் வீடியோவைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறந்திருப்பார்கள் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

போன வருடம் ஒரு கல்யாணத்துக்காகக் கொடைக்கானல் பஸ்ஸில் போனேன். மலைப்பாதையின் பாதியில் கண்டக்டர் விசில் ஊதி நிறுத்தினார். "யாருய்யா படியில வாந்தி எடுத்தது?"

பின்சீட்டிலிருந்து ஒரு குரல்: "மேஸ்திரிதான் சார்!"

பஸ் முழுதும் சிரித்தது. டிரைவரும் சிரித்தார். பக்கத்தில் இருந்தவரிடம், "எந்த மேஸ்திரிங்க?" என்று கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாதுங்களா? இங்க எது ஒடஞ்சாலும் அப்பிடித்தான் சொல்றது. ஜீப்பு பஞ்சரானா, பால் பொங்கி வழிஞ்சா, சம்சாரம் கோவிச்சுக்கிட்டுப் போனா, எல்லாத்துக்கும் மேஸ்திரிதான் சார். பழைய வீடியோங்க. இந்தா பாருங்க." கைப்பேசியைக் காட்டினார். தொரசாணி வழுக்கினாள். ஐயர் உட்கார்ந்தார். தங்கையா சாக்கு விரித்தார். நான் படம் எடுப்பதை நிறுத்த மறந்திருக்கிறேன். கடைசியில் சீஃபின் குரல் கேட்டது. அதன் பின்னால், தெளிவாக, பணிவாக, நல்ல உச்சரிப்போடு என் குரல்.

கல்யாணத்தில் என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை.

செயலாளர் கட்டுரை கேட்டபோது, எழுதுவதற்கு முன் தங்கையாவைப் பார்த்துவிட வேண்டும் என்று பள்ளங்கிக்குப் போனேன். வீட்டில் இல்லை. மேலே ஒரு தோட்டத்தில் கேரட் கழுவும் தளம் போட்டுக்கொண்டிருந்தார். கான்கிரீட் கொட்டியாகிவிட்டது. மட்டப்பலகையின் ஒரு முனையை அவர் பிடித்திருந்தார், மறுமுனைக்கு ஆள் வரவில்லை. என்னைப் பார்த்ததும் யார் என்று தெரிந்துகொண்டார். ஒரு கணம்தான்.

"வெரசா வாங்க சார். அந்தப் பக்கத்தப் புடிங்க."

செருப்பைக் கழற்றிவிட்டுப் பிடித்தேன். இழுக்க ஆரம்பித்தோம். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை எல்லாம் அந்த இழுப்பிலேயே சொல்ல வேண்டியதாயிற்று. "மேஸ்திரி, அன்னிக்குத் தரை..."

"பலகையத் தூக்காதீங்க."

"...நான் போட்டது. உங்க பேரைச் சொன்னது..."

"தெரியும் சார். வாட்டம் போகுது பாருங்க, உங்க பக்கம் தாழ்த்தி இழுங்க." இன்னும் நாலடி இழுத்த பிறகு அவராகவே சொன்னார். "அந்த வீடியோவுக்கு அப்புறம் மூணு வருசம் தரைக்குன்னு ஒருத்தரும் கூப்புடல. பூண்டு புடுங்கத்தான் போனேன். நானும் எம்பொண்டாட்டியும். ராசம்மாக்கா கொட்டகைய மட்டும் நானே போயி, அம்மி பொளியிற மாதிரி உளியால பொளிஞ்சு, மேல வாட்டத்தோட புதுசாப் போட்டு, வெளக்கமாறு இழுத்துக் குடுத்தேன். அதப் பாத்துட்டுத்தான் திரும்பக் கூப்புட ஆரம்பிச்சாங்க. இப்ப சோலிக்குக் கொறவில்ல சார். பேருதான் போகல."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் மூலையில் இருந்த விளக்குமாற்றை எடுத்து என் கையில் கொடுத்தார். "ஒரே ஒரு இழுப்பு. நேரா இழுங்க. கோணிருச்சுன்னா திரும்பத் தேய்க்கணும்."

இழுத்தேன். கோணிவிட்டது.

சாந்துச் சட்டியோடு நின்ற சித்தாள் பாண்டியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார். "யாரு இப்பிடிக் கோணையா இழுத்தது?"

வேலை செய்த அத்தனை பேரும் பழக்கதோஷத்தில் ஒரே குரலில் சொல்ல வாயெடுத்தார்கள். அதற்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன், தெளிவாக, நல்ல உச்சரிப்போடு: "மேஸ்திரி இல்ல. இன்ஜினியர்தான்."

பாண்டியம்மா சட்டியைக் கீழே வைத்தார். "இந்தக் கொரலு..." என்றார். என்னைப் பார்த்தார், தங்கையாவைப் பார்த்தார். "ஏ மேஸ்திரி, இந்தக் கொரலுதானே அது?"

தங்கையா விளக்குமாற்றை என்னிடமிருந்து வாங்கி, கோணலை அழித்து, நேராக இழுத்தார்.

நான் எல்லோர் முன்னாலும் முழுவதையும் சொன்னேன், கயிறு கட்டியது முதல் அறிக்கை வரை. கயிறு வருகிற இடத்தில் சிரித்தார்கள். பூண்டு பறந்த இடத்தில் ஒருவர் உட்கார்ந்துவிட்டார். அறிக்கை வந்ததும் யாரும் சிரிக்கவில்லை. "படிச்ச மனுசன் செய்யிற சோலியா இது?" என்றார் பாண்டியம்மா. இல்லை என்றேன். அன்று மாலை ராசம்மா வீட்டுக்கும் போனேன். இந்த முறை கைப்பேசியை அணைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன்.

போன வாரம் தங்கையா போன் செய்தார். பத்து வருடத்தில் அவராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"சார், நேத்து கான்கிரீட் போடுற எடத்துல டீக்கேனு கவுந்து போச்சு. யாருலே கவுத்ததுன்னு கேட்டேன். என்ன சொன்னானுங்க தெரியுமா?"

"என்ன மேஸ்திரி?"

"இன்ஜினியர்தான் சார்னானுங்க." கொஞ்சம் சிரித்தார். "பள்ளங்கியில மாறிருச்சு சார். கொடைக்கானல் டவுனுல பாதிப் பேரு சொல்றாங்களாம். பூண்டிப் பக்கம்தான் இன்னும் பழசையே சொல்லிக்கிட்டுக் கெடக்காங்க."

பூண்டியில் வேலை செய்கிற சங்க உறுப்பினர்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறேன். அங்கே எது உடைந்தாலும், எது வழுக்கினாலும், தயவுசெய்து திருத்திச் சொல்லுங்கள்.